ஆவன செய்யவும்

காலை ஒன்பது மணி பத்து நிமிடம். கணினி மையத்தின் கதவில் ஒட்டியிருந்த தாள்தான் முதலில் கண்ணில் பட்டது. "போனில் சொன்னது இங்கே வந்து சேராது. மெயில் அனுப்பவும்." அச்செடுத்த எழுத்து. நான்கு மூலையிலும் டேப். கீழே பெயரும் இல்லை, பதவியும் இல்லை.

செய்தித்தாள் வேலையை விட்டுவிட்டு, அந்தப் பல்கலைக்கழகத்தில் மக்கள் தொடர்புப் பணிக்கு ஒப்பந்தத்தில் சேர்ந்த முதல் நாள் அது. டெல்டாவில் இருக்கிறது, சுற்றுச்சுவரை ஒட்டி நெல் வயல், அதற்கு மேல் அடையாளம் வேண்டாம். எனக்கு அலுவலக மெயில் கணக்கு வேண்டியிருந்தது. உள்ளே ஒரு பெண் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, திரையைப் பார்த்தபடி இருந்தார். நாற்பதைத் தாண்டிய வயது. விஷயத்தைச் சொன்னேன்.

"மெயில் போட்டுடுங்க சார்."

மெயிலே இல்லாதவன் எப்படி மெயில் போடுவது என்று கேட்டேன். சொந்த மெயில் இருக்குமே, அதிலிருந்து போடுங்கள், நியமன ஆணையை இணைத்துவிடுங்கள் என்றார். அங்கேயே நின்று கைபேசியில் தட்டி அனுப்பினேன். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டினார், படித்தார்.

"வந்துடுச்சு. உக்காருங்க சார்."

அதுவரை என்னை உட்காரச் சொல்லவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

பல்கலைக்கழகத்தின் மெயிலும் பொதுக் காலண்டரும் அவர் கையில் இருந்தன. சில ஆயிரம் கணக்குகள். யார் சேர்ந்தாலும் அவர் திறப்பார், யார் போனாலும் அவர் மூடுவார். எந்தக் கூட்டம் எந்த அறையில், யாருக்கு அழைப்பு, யார் வருகிறேன் என்றார், யார் பதிலே போடவில்லை என்பதெல்லாம் அவர் பராமரித்த காலண்டரில் இருந்தது. பதவியின் பெயர் 'தற்காலிக அமைப்பு நிர்வாகி'. தற்காலிகம் ஏழாவது வருடத்தில் இருந்தது. ஒவ்வொரு ஜூனிலும் ஒப்பந்தம் முடியும். புதுப்பிக்கும் ஆணை ஜூலையிலோ ஆகஸ்டிலோ வந்து சேரும். இடைப்பட்ட நாட்களில் ஆணை இல்லாமலே எல்லோரும் வேலைக்கு வந்துகொண்டிருப்பார்கள். அங்கே அதுதான் வழக்கம்.

வலங்கைமான் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவார். நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டுவிட்டால் பஸ்ஸிலிருந்தே தன் மேலதிகாரிக்கு ஒரு வரி வரும்: "கேட். 9.25க்கு வருவேன்." ஒன்பது இருபத்தைந்துக்கு வந்துவிடுவார். தமிழில்தான் எழுதுவார். தட்டச்சுப் பள்ளியில் பழகிய கை, ஒவ்வொரு எழுத்தையும் ஆணி அடிப்பதுபோல் அடிக்கும். அவர் விசைப்பலகையில் பாதி எழுத்துகள் அழிந்து போயிருந்தன. அவருக்கு அவை தேவைப்படவில்லை.

யாராவது போனில் ஒரு வேலை சொன்னால் மறுக்க மாட்டார், சரி என்றும் சொல்ல மாட்டார். போனை வைத்ததும் ஐந்து நிமிடத்துக்குள் சொன்னவருக்கு ஒரு மெயில் போகும். "இன்று 11.20க்குத் தாங்கள் தொலைபேசியில் கூறியது பின்வருமாறு. உறுதி செய்தால் செய்கிறேன்." பெரும்பாலும் உறுதி வராது. வேலையும் நடக்காது. சொன்னவரும் அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேச மாட்டார். ஒரு நாளைக்கு எத்தனை உத்தரவுகள் வாயோடு நின்றுவிடுகின்றன என்பது அந்த அறையில் உட்கார்ந்திருந்தால் தெரியும்.

பொதுக் காலண்டர் வந்த புதிதில் நடந்ததை அங்கே இருந்தவர்கள் எனக்குச் சொன்னார்கள். ராகு காலத்தில் யாரும் கூட்டம் வைக்காதபடி தினமும் அந்த ஒன்றரை மணி நேரத்தை எல்லோருக்கும் அடைத்துவிடச் சொல்லி நிர்வாகத்திலிருந்து போன். வழக்கம்போல் அவர் உறுதி கேட்டு மெயில் அனுப்பினார். ஒரு பல்கலைக்கழகத்தில் ராகு காலத்துக்கு எழுத்தில் உத்தரவு போட யாருக்கும் கை வரவில்லை. வேண்டியவர்கள் தங்கள் காலண்டரில் தாங்களே அடைத்துக்கொள்வது எப்படி என்று எல்லோருக்கும் மூன்று வரியில் எழுதி அனுப்பிவிட்டார். இயற்பியல் துறைப் பேராசிரியர் ஒருவர் வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தை 'தொழுகை' என்றே எழுதி அடைத்துக்கொண்டார். மேடைகளில் மூடநம்பிக்கையைக் கிழிக்கும் இன்னொரு பேராசிரியரின் காலண்டரில் திங்கள் முதல் சனி வரை 'கள ஆய்வு' என்று ஒன்றரை மணி நேரம் அடைபட்டிருந்ததை நானே பார்த்தேன். ஒவ்வொரு நாளும் வேறு நேரம், எல்லாம் பஞ்சாங்கப்படி. கணினி மையத்தில் அவரிடம் சொன்னபோது சிரிக்கவில்லை.

"அவரு காலண்டரு சார். அவரு என்ன வேணா எழுதிக்கலாம்."

அவருடைய இந்தக் குணத்தால் எல்லாம் நல்லதாகவே முடிந்தது என்று எழுத முடியாது. ஒரு கார்த்திகையில் ராத்திரி முழுக்க மழை. காலை ஏழு மணிக்குப் பதிவாளர் வீட்டிலிருந்து போன்: இன்று விடுமுறை, எல்லோருக்கும் மெயில் அனுப்பிவிடு. பல்கலைக்கழக நிர்வாகத்தில் துணைவேந்தருக்கு அடுத்த ஆள் பதிவாளர். போனை எடுத்த இவர், ஒரு வரி எழுதி அனுப்பச் சொன்னார். பதிவாளர் வீட்டில் இன்டர்நெட் இல்லை. எட்டு நாற்பதுக்குத்தான் அவருடைய உதவியாளர் மூலம் அந்த ஒரு வரி வந்தது. அதற்குள் மன்னார்குடி பஸ்களில் வந்த பிள்ளைகள் வாசலில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்கள். அன்று எல்லோரும் அவரைத் திட்டினார்கள். நானும்தான். மறுநாள் கேட்டேன்.

"அன்னைக்கி ஒரு நாள் போட்டிருக்கலாம்தான் சார். ரெண்டு பிள்ளைங்களுக்குக் காய்ச்சல்னு கேள்விப்பட்டேன்." கயிற்றில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டினார். "போட்டிருந்தா, அடுத்த வாரம் வேற எதுக்கோ போன் வரும். அப்ப என்னன்னு சொல்லி மறுக்கறது?"

அவருடைய அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கர். ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரியும் இடத்தில் ஷட்டரைத் தூக்கி இறக்குகிற வேலை. இது தெரிந்ததும் எனக்குள் இருந்த பத்திரிகைக்காரன் எழுந்து உட்கார்ந்தான். பல்கலைக்கழகச் செய்திமடலில் அவரைப் பற்றி ஒரு பக்கம், அப்பா தண்ணீரை முறை தவறாமல் பங்கிட்டார், மகள் மெயிலை என்று. அதற்கு அனுமதி கேட்டு மெயில்தான் போட்டேன். பதிலை நேரில் சொன்னார்.

"எங்க அப்பா யாரு வந்து கேட்டாலும் ஷட்டரைத் தூக்கிவிட்ருவாரு சார். பிராந்திக் கடைக்குக் கூட்டிட்டுப் போனாப் போதும். தண்ணி போய்ச் சேராத கடைமடைக்காரங்க வீட்டு வாசல்ல வந்து மண்ணை வாரித் தூத்துனாங்க. அவருகிட்டேருந்து கத்துக்கிட்டேன்னு மட்டும் எழுதிடாதீங்க."

நான் எழுதவில்லை.

பதிவாளர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பேசியே காரியம் முடிப்பவர். எழுதினால் எதிரி உருவாகிறான் என்பார். மாணவர் போராட்டத்தை வாசலில் நின்று தோளில் கை போட்டுக் கலைத்ததை நான் பார்த்திருக்கிறேன். மெயிலை அவர் தொட்டதே இல்லை. அவருடைய பாஸ்வேர்டு அவரது உதவியாளரிடம் இருந்தது. அங்கே உயர் பதவியில் இருந்த பலருக்கும் அப்படித்தான். தொண்ணூறு நாளைக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்லிக் கணினி மையத்திலிருந்து இவர் விதி கொண்டுவந்தபோது, மாற்றியதும் உதவியாளர்கள்தான். பதிவாளர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "யோவ், இந்த மாசம் என் பாஸ்வேர்டு என்னய்யா?" என்று கேட்டதை நான் காதால் கேட்டேன்.

உதவியாளர் ஐம்பத்தைந்து வயதுக்காரர். தினமும் காலை பத்து மணிக்குப் பதிவாளரின் மெயிலைத் திறப்பார். முப்பது நாற்பது வந்திருக்கும். ஒப்புதல் கேட்கும் மெயில் எதுவானாலும் அவருக்கு ஒரே பதில்தான்: "அப்ரூவ்டு. ஆவன செய்யவும்." பத்தேகாலுக்குள் முடித்துவிட்டு டீ குடிக்கப் போவார். உதவியாளருக்கென்று தனி அனுமதி தருகிறேன், அப்போது அவர் அனுப்புவதெல்லாம் 'பதிவாளருக்காக' என்று உதவியாளர் பெயரிலேயே போகும் என்று இவர் நான்கு வருடம் எழுதிப் பார்த்தார். அந்த மெயில்களுக்கும் "அப்ரூவ்டு. ஆவன செய்யவும்" என்று பதில் வந்தது. படிவத்தில் கையெழுத்து மட்டும் வரவில்லை.

இனி ஒரு மாணவி. முத்துப்பேட்டைப் பெண். கடலோர வயல்களில் உப்பு எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று மூன்று பருவம் மண் எடுத்து அளந்து ஆய்வு செய்துகொண்டிருந்தார். அவருடைய நெறியாளர் அந்த அளவுகளை அப்படியே எடுத்துத் தன் ஒரே பெயரில் கட்டுரையாக வெளியிட்டுவிட்டார். மாணவி புகார் கொடுத்தார். மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு அமைந்தது. விசாரணை ஒரு வியாழக்கிழமை பதினோரு மணிக்கு. அழைப்பு பதிவாளரின் கணக்கிலிருந்து காலண்டர் வழியாக மாணவிக்குப் போனது, அதே வியாழக்கிழமை பத்து நாற்பத்தொன்றுக்கு. அப்போது அவர் வயலில் சேற்றில் நின்றிருந்தார். கைபேசியைப் பார்த்தது ஒன்றரை மணிக்கு. விசாரணை பத்து நிமிடத்தில் முடிந்திருந்தது. வாய்ப்பு அளித்தும் வரவில்லை, புகார் பொய், ஆய்வுப் பதிவை ரத்து செய்யலாம் என்று குழு கையெழுத்துப் போட்டுவிட்டது.

மாணவி தகவல் அறியும் சட்டத்தில் மனுப் போட்டார். ஒரே கேள்வி: எனக்கு அழைப்பு எந்த நாள், எத்தனை மணிக்கு அனுப்பப்பட்டது?

ஒரு செய்திக் குறிப்புக்கு ஒப்புதல் வாங்க நான் பதிவாளர் அறையில் இருந்தபோதுதான் கணினி மையத்திலிருந்து அவரைக் கூப்பிட்டனுப்பினார்கள். பிற்பகல் இரண்டு ஐம்பது. அவர் உட்காரவில்லை.

"அந்த வியாழக்கிழமை இன்வைட்டு இருக்குல்லம்மா, அதை எடுத்துட்டு, திங்கக்கிழமையே அனுப்புன மாதிரி புதுசா ஒண்ணு போட்டுடு" என்றார் பதிவாளர். அடுத்த வாரம் தர மதிப்பீட்டுக் குழு வருகிறது, இந்த நேரத்தில் இது வேண்டாம் என்று விளக்கவும் செய்தார்.

"மெயில் போட்டுடுங்க சார்."

"நான்தான் நேர்லயே சொல்றேனேம்மா."

"கேட்டுச்சு சார்."

"அப்புறம்?"

"நேர்ல சொன்னதுக்கு நேர்லயே பதில் சொல்லிடறேன். முடியாதுங்க சார்."

பதிவாளர் என்னை ஒருமுறை பார்த்தார். "பத்திரிகைக்காரர் உக்காந்திருக்கார்னு பேசறியா?"

"அவரு எந்திரிச்சுப் போனாலும் இதேதான் சார்."

"ஜூன்ல கான்ட்ராக்ட் முடியுதுல்ல உனக்கு?"

"ஆமாங்க சார். ஏழு வருசமா ஜூன்லதான் முடியுது."

அவ்வளவுதான். மூன்று பன்னிரண்டுக்குப் பதிவாளருக்கு அவருடைய மெயில் போனது. பிறகு அதை எனக்குக் காட்டினார். "இன்று 2.50க்குத் தங்கள் அறையில் வாய்மொழியாகக் கூறியபடி, வியாழக்கிழமை விசாரணைக்கான அழைப்பை நீக்கிவிட்டு, திங்கட்கிழமை அனுப்பியதுபோல் புதிய அழைப்பு உருவாக்க வேண்டும். புதிய அழைப்பில் பழைய தேதியைக் காட்ட இயலாது. உருவாக்கிய நேரத்தைக் கணினியே பதிவு செய்கிறது. அழைப்பை நீக்குவது இயலும். நீக்கினால், அழைக்கப்பட்ட ஐவருக்கும் அக்கூட்டம் ரத்து செய்யப்பட்டதாக அறிவிப்பு செல்லும். எழுத்தில் உறுதி கிடைத்தால் நீக்குகிறேன்."

வழக்கம்போல் பதில் வராது என்றுதான் நானும் நினைத்தேன். மறுநாள் காலை ஒரு புகைப்படக் கோப்பு விஷயமாக அவர் மேசைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன். பத்து மணி ஆறு நிமிடத்துக்குப் பதில் வந்தது.

"அப்ரூவ்டு. ஆவன செய்யவும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு படித்தார். திரையை என் பக்கம் திருப்பினார். உதவியாளர் படிக்காமல் போட்டது அது என்று இரண்டு பேருக்கும் தெரியும். நான் வாய்விட்டே கேட்டேன்.

"தெரியும் சார். ஆனா பதிவாளர் பேர்லதானே வந்திருக்கு? அவரு சொன்னதைத்தான் கேட்டேன், அவரு பேர்ல சரின்னு வந்திருக்கு. என்ன நடக்கும்னும் எழுதியிருக்கேன்." விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். "பாஸ்வேர்டை யாருகிட்டயும் கொடுக்காதீங்கன்னு நாலு வருசமா சொல்றேன்."

உடனே செய்துவிடவில்லை. இருபது நிமிடத்துக்கு மேல் காத்திருந்தார். மறுத்து இன்னொரு மெயில் வர அவகாசம் கொடுத்தார் என்று நினைக்கிறேன். பத்து முப்பத்தொன்றுக்கு அழைப்பை நீக்கினார். குழுவினர் மூவர், நெறியாளர், மாணவி என்று ஐந்து பேருக்கும் ஒரே நேரத்தில் அறிவிப்பு போனது: "ரத்து செய்யப்பட்டது: விசாரணைக் குழுக் கூட்டம், வியாழன், 11.00."

குழுவில் கும்பகோணத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து வந்த வெளி உறுப்பினர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் சேர்த்து அவர் பதில் போட்டார்: "கூட்டமே ரத்து என்றால், நான் கையெழுத்துப் போட்ட அறிக்கை எந்தக் கூட்டத்தினுடையது?" மாணவி ரத்து அறிவிப்பையும் இந்தக் கேள்வியையும் அச்செடுத்து இணைத்து, மதியத்துக்குள் துணைவேந்தரிடம் மேல்முறையீடு கொடுத்துவிட்டார்.

பதிவாளரின் போன் பதினொன்று இருபதுக்கு வந்தது. ஐந்து பேரின் பெட்டியிலிருந்தும் அந்த அறிவிப்பை எடுத்துவிட வேண்டும், இப்போதே. இவர் காதில் வாங்கிக்கொண்டார். பதினொன்று இருபத்து நான்குக்கு, "தாங்கள் தொலைபேசியில் கூறியது பின்வருமாறு" என்று மெயில் அனுப்பினார். அதற்கு யாரும் ஆவன செய்யச் சொல்லவில்லை.

அன்று மாலை உதவியாளர் வந்தார். கதவிலேயே நின்றார்.

"என் சோத்துல மண்ணப் போட்டுட்டீங்களே மேடம்."

"உங்க பேர்ல ஒண்ணுமே இல்லீங்கண்ணே. தேடிப் பாருங்க. எங்கயுமே உங்க பேரு இல்ல."

ஆறுதலாகச் சொன்னாரா, குத்திச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உதவியாளருக்கும் தெரியவில்லை. திரும்பிப் போனார். மறு வாரம் தனி அனுமதிக்கான படிவம் பதிவாளர் கையெழுத்தோடு வந்தது. அவர் அன்றே செய்து கொடுத்தார்.

துணைவேந்தர் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். தேதி தள்ளித் தள்ளி ஜூலைக்குப் போனது. இதற்கிடையே ஜூனும் நிர்வாகியின் ஒப்பந்தமும் முடிந்தன. கடைசி நாள் மாலை வாசல் காவலர் அவரை நிறுத்தினார். நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன்.

"அம்மா, நாளைலேருந்து வர வேணாம்னு மேல சொல்லச் சொன்னாங்க."

"மேலன்னா எத்தனாவது மாடிங்கண்ணே?"

காவலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன ஏம்மா வம்புல மாட்டறீங்க. சொல்லச் சொன்னாங்க, சொல்லிட்டேன்."

"நீங்க சொல்லிட்டீங்க. எனக்கு மெயில் போடச் சொல்லுங்க."

வீட்டுக்குப் போகும் வழியில் அவர் அனுப்பியிருக்கிறார்: "இன்று 5.35க்கு வாயிற்காவலர் மூலம் கூறியது பின்வருமாறு. உறுதி செய்தால் நாளை முதல் வரவில்லை." பதில் இல்லை. மேல்முறையீடு துணைவேந்தரிடம் இருக்கும்போது, அந்த மேல்முறையீட்டுக்குக் காரணமான ஆளை நிறுத்தி எழுத்தில் ஆணை போட ஒருவரும் முன்வரவில்லை. மறுநாள் ஒன்பது பத்துக்கு வந்துவிட்டார். அதற்கு மறுநாளும். கேட்டில் காவலர் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். கணினி மையத்தில் அவருடைய வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்துவிட்டார்கள். காலையில் "வந்துவிட்டேன்", மாலையில் "கிளம்புகிறேன்" என்று தன் மேலதிகாரிக்கு ஒரு வரி அனுப்பிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரத்தில் அவரோடு யாரும் உட்காரவில்லை. நான் இரண்டு நாள் உட்கார்ந்தேன், மூன்றாவது நாள் வேறு வேலை இருந்தது என்று சொல்லிக்கொண்டேன். அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

மறுவிசாரணைக்கான அழைப்பு அந்த நாட்களில்தான் போனது. துணைவேந்தர் அலுவலகம் எழுத்தில் கேட்டது, அவர் அனுப்பினார். விசாரணைக்கு எட்டு நாள் முன்னதாக.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை நடந்தது. மாணவி மூன்று பருவத்துக் குறிப்பேடுகளோடும் பத்தரைக்கே வந்து காத்திருந்தார். இரண்டு மணி நாற்பது நிமிடம் உள்ளே இருந்தார். வெள்ளிக்கிழமை பிற்பகல் குழு தன் முடிவை மெயிலில் அனுப்பியது. அளவுகள் மாணவியுடையவை, கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும், ஆய்வுப் பதிவு தொடரும்.

அன்று மாலை நான்கு ஐம்பத்திரண்டுக்கு, நிர்வாகியைப் பணியிலிருந்து விடுவிக்கும் ஆணை மெயிலில் வந்தது. நான்கு ஐம்பத்தைந்துக்கு, பெற்றுக்கொண்டேன் என்று பதில் அனுப்பினார். பணியிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கணக்கை அன்றே மூட வேண்டும் என்று விதி. ஐந்து பத்துக்குத் தன் கணக்கை மூடினார்.